சொருகுகிற கிட்டார்

பாட்டு வரிகளை மறந்துவிடும் என் மகளைப் பள்ளி விழாவில் தனியாகப் பாட விடுவதா, கும்பலில் நிறுத்துவதா? இன்னும் தெரியவில்லை.

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போகும் பஸ்ஸில், கிட்டார் வாங்கப் போகும் இரண்டு இளைஞர்கள் பின்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஸ்பீக்கர்ல சொருகுற கிட்டாரு வேணாம் மாமு.”

“சர்ச்சுல டிரம்ஸ், கீபோர்டெல்லாம் கீது. சொருகலன்னா நீ வாசிக்கிறது எவனுக்குக் கேக்கும்?”

“கேக்கவே கூடாது. பாஸ்டர் எந்த சுருதியில வேணா பாட்ட ஆரம்பிச்சுடுவாரு. நான் புடிக்கிறதுக்குள்ள தப்புத் தப்பா வரும். ஆண்டவருக்கு மட்டும் கேட்டா போதும்.”

“அவரு வந்து திருத்துவாரா? எங்களுக்குக் கேட்டாதான சொல்லுவோம்.”

“மொத வாரமே மானம் பூடும்டா.”

“போவட்டும். இல்லன்னா வர்ஷம் பூரா தப்பாவே வாசிச்சிக்கினு இருப்ப.”

பஸ் ராயபுரம் தாண்டியது.

“சரி, சொருகுறதே வாங்கலாம். ஆனா வால்யூம் என் கையிலதான் இருக்கணும்.”

மகள் விஷயத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்களேன்.