பேனாவில் எழுதிய சால்வை

— ஐயோ, குறுக்கெழுத்துல முதல் வரிசையை எழுதிட்டியா? அதுவும் பேனாவுல! பென்சில் இதோ என் காதுலதானே இருக்கு, ஆம்ப்ரோஸ்?

— பென்சில் உன்னை மாதிரி ஸ்கோர் எழுதறவங்களுக்கு, அம்மணி. நான் அம்பயர். விரலைத் தூக்கினா தூக்கினதுதான்.

— போன மாசம் அந்தத் தபால்காரருக்கு அவுட் கொடுத்தியே, பந்து அந்த ஆளு தொப்பியிலதானே பட்டுச்சு?

— பட்டது தொப்பி. கொடுத்தது அவுட். மாத்தினேனா?

— மாத்தலை. அவரும் அன்னைலேருந்து உன் தபாலை வேலிக்கு மேலேயே வீசிட்டுப் போறாரு.

— சரி, மழை என்ன பண்ணுது? எட்டிப் பாரு.

— பிட்ச் மேல போட்ட தார்ப்பாய்ல வாத்து நீந்துது. ஆட்டம் இப்போதைக்கு இல்ல. நாம ரெண்டு பேரும் இந்த பெவிலியன்லதான் கிடக்கணும்.

— கிடப்போம். குறுக்கெழுத்து இருக்கு, முட்டை சாண்ட்விச் இருக்கு. ராத்திரிக்குள்ள பிலிப்பாவுக்கு மட்டும் பதில் சொல்லியாகணும்.

— இன்னைக்கேவா?

— இன்னைக்கேதான். வான்கூவர்ல எனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி பெயின்ட்கூட அடிச்சுட்டாளாம். மகளாச்சே, எவ்வளவு நாள் இழுத்தடிக்கிறது?

— என்ன சொல்லப் போறே?

— முதல்ல கட்டத்தை முடிப்போம். ஒருவேளை நாம சேர்ந்து போடற கடைசிக் கட்டமா இதுவே...

— வாயைக் கழுவு, மனுஷா! அது கிடக்கட்டும், பேப்பரை வீட்டுல பிரிக்கலைதானே?

— சனிக்கிழமைக் கட்டத்தை நாம ரெண்டு பேரும் உக்காந்துதான் பிரிக்கணும். நம்ம சட்டம் எனக்குத் தெரியாதா, ஹெஸ்டர்?

— தெரியும்ல? சரி, அடுத்ததைப் படி.

— அதுக்கு முன்னாடி, யாரு இந்தப் புது ஆளு? குறுக்கெழுத்து போடறவங்க புனைபெயர் வச்சுக்கறது வழக்கம்தான். அவனவன் சிங்கம், பருந்துன்னு வச்சுக்குவான். இது என்னடான்னா ‘நத்தை’!

— நத்தைக்கு என்ன குறைச்சல்? மெதுவா வரும். ஆனா வந்துரும்.

— என் தோட்டத்து முட்டைக்கோசைத் தின்னு தீர்க்கறதும் அதுதான். சரி, கேளு. வலது ஓரம், மேலேருந்து கீழே. ‘திரும்பி வந்த பரிசு, பாலாடைக்கட்டியைச் சுரண்டி.’ மூணு எழுத்து.

— நீயே சொல்லு பாப்போம்.

— அதாவது, பரிசுன்னா விருது. திரும்பி வந்துச்சுன்னா பின்னாலேருந்து படிக்கணும். து, ரு, வி. துருவி! பாலாடைக்கட்டியைச் சுரண்டி எடுத்தா அதுதானே?

— பரவாயில்லையே நத்தை, இல்லையா?

— பரவாயில்லைதான். கொஞ்சம் அலட்டல்.

— அலட்டலா! எங்க அலட்டல்? ஒரு சொல் அதிகமா இருக்கா அதுல?

— உனக்கு ஏன் முகம் சிவக்குது? உன்னையா சொன்னேன்?

— சாண்ட்விச்ல கடுகு ஜாஸ்தி. மேல படி.

— ‘கிரிக்கெட் குழுவுக்கு முன்னால் நாலில் ஒரு பங்கு, வாசலில் கழற்று.’ நடு வரிசை, இதுவும் மூணு. இதை நீ சொல்லு.

— நாலுல ஒண்ணுன்னா கால். குழுன்னா அணி. கால், அணி. காலணி.

— அடேங்கப்பா, யோசிக்கக்கூட இல்லையே நீ! படிச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டே.

— ஆணி வச்ச பூட்ஸை வாசல்ல கழட்டுங்கடான்னு வாரா வாரம் கத்தறவ நான். எனக்கு இதுக்கு யோசனை வேற வேணுமா?

— அதுவும் சரிதான். எழுதிட்டேன்.

— மறுபடியும் பேனாவுலயா? சரி, இது தொலையட்டும்.

— கடைசி வரிசை. ‘தேருக்குள் நீ, இடைவேளையில் வருகிறாய்.’ ஆகா! தேர்ங்கற சொல்லைப் பிளந்து நடுவுல ‘நீ’யைப் போட்டா தேநீர். ஆட்டத்துல இடைவேளை விட்டா அதுதானே வரும்?

— நல்லா இருக்குல்ல?

— தேருக்குள்ள நீயாம்! குறுக்கெழுத்து மாதிரியா இருக்கு? யாரோ யாரையோ மனசுல வச்சுக்கிட்டு உருகி உருகி எழுதின மாதிரில்ல... என்ன ஆச்சு, ஏன் இருமறே?

— ஒண்ணுமில்ல. புரை ஏறிருச்சு.

— தலையில தட்டவா?

— கையை எடு, யாராவது பாத்தா! அதை விடு. அந்த முதல் வரிசைக்கு வருவோம். நீ பேனாவுல எழுதினது.

— அதுக்கென்ன? ‘சண்டைக்குப் பின் வை, குளிருக்கு இதம்.’ மூணு எழுத்து, கடைசி எழுத்து வை. சால்வை. முடிஞ்சுது.

— சண்டை எங்க இருக்கு அதுல?

— எதுல?

— சால்வையில! சண்டைன்னு கொடுத்திருக்கே, அதுக்குப் பதில் எங்க?

— குளிர்ல சால்வைக்குச் சண்டை வராதா? என் பெரியம்மா வீட்டுல வந்திருக்கு.

— இந்தா பாரு, பிரிச்சுக் காட்ட முடியாத விடையை நீ என்னைக்காவது எழுதியிருக்கியா? நான் ஒரு தடவை குத்துமதிப்பா ஒண்ணு எழுதினதுக்கு மூணு வாரம் குத்திக் காட்டினவன் நீ.

— வயசாகுதுல்ல, ஹெஸ்டர். இனிமே வான்கூவர்ல உக்காந்து சால்வையைப் போத்திக்கிட்டு ஆப்பிள் பை தின்னுட்டு இருக்க வேண்டியதுதான்.

— பேச்சை மாத்தாதே. சண்டைக்கு இன்னொரு சொல் சொல்லு.

— தகராறு.

— சின்னதா!

— வம்பு.

— ராஜாக்கள் போடற சண்டை, மனுஷா!

— அம்பயர் முடிவு கொடுத்தாச்சு. அப்பீல் பண்ணாதே.

— சரி, அப்படின்னா இதைப் பண்ணு. சில பேர் கட்டத்தோட ஓரத்துல ஒரு சேதியை ஒளிச்சு வைப்பாங்கல்ல? கிறிஸ்துமஸ் சமயத்துலகூட ஒருத்தர் தன் பொண்டாட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து வச்சிருந்தாரே.

— ஆமா, அந்தம்மா பேப்பரே படிக்கறதில்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. பாவம்.

— இதுலயும் இடது ஓரத்தை மேலேருந்து கீழே படிச்சுப் பாரேன். சும்மா ஒரு தடவை.

— இரு, கண்ணாடி. ம்... சா. கா. தே. ‘சாகாதே.’

— ஐயோ!

— நல்ல மனசு அந்த நத்தைக்கு! முன்னப் பின்ன தெரியாத ஆளு, சாகாதேன்னு வாழ்த்துது பாரு. நன்றி நத்தையாரே, முயற்சி பண்றேன்.

— சிரிக்காதே! அது சாகாதே இல்ல!

— கறுப்பு மையில பளிச்சுன்னு இருக்கே.

— உன் மையைத் தூக்கிக் குப்பையில போடு! போரு! சண்டைன்னா போரு! போருக்குப் பின்னால வை! அது போர்வைய்யா!

— போர்வைன்னும் வச்சுக்கலாம்தான். ஆனா சால்வையும்...

— சால்வை கிடையாது! நான் எழுதினது போர்வை!

— நீ எழுதினதா?

— இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கோயேன்.

— மழை ஜோன்னு பேயுது. சரியா காதுல விழலை. என்ன சொன்னே?

— நல்லாத்தான் விழுந்துச்சு உனக்கு. ஆமா, நத்தை நான்தான். குளிர்காலம் பூரா கணப்பு பக்கத்துல உக்காந்து போட்டேன். இந்த வாரமே வரணும்னு பேப்பர்காரங்ககிட்ட கெஞ்சினேன். எல்லாம் எதுக்கு? கூமுட்டை மாதிரி நீ சால்வை எழுதறதுக்கா?

— ஏம்மா, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நேரா சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்ல? அவ உன் மக. நான் யாரு? சனிக்கிழமையானா பக்கத்துல உக்காந்து பென்சில் சீவறவ. நான் போய் எந்த உரிமையில சொல்ல?

— இப்ப சொல்லு.

— ஓரத்துலதான் இருக்கே.

— ஓரத்துல சாகாதேன்னுல்ல இருக்கு.

— போகாதே, ஆம்ப்ரோஸ்! போதுமா? நீ போயிட்டா எனக்கு இந்த மைதானமும் வேணாம், இந்தக் கட்டமும் வேணாம். போகாதே.

— போதும். இப்ப கோட்டை எடு, மழை விட்டுருச்சு. நான் போய் பிட்ச்சைப் பாக்கணும்.

— ஏய், நில்லு! இவ்வளவும் சொல்ல வச்சுட்டு எழுந்து போனா என்ன அர்த்தம்? பிலிப்பாவுக்கு என்ன பதில் சொல்லப் போறே, அதைச் சொல்லிட்டுப் போ!

— அவளைக் காலையிலேயே போன் பண்ணி எழுப்பி, நான் வரலைன்னு சொல்லிட்டேன். அங்க நடுராத்திரியாம், நல்லா திட்டு வாங்கினேன். இன்னொரு பேப்பர் வீட்டுல அடுப்படியில கிடக்கு, ஹெஸ்டர், சட்டத்தை மீறி விடிஞ்சதுமே பிரிச்சுட்டேன். அதுல முழுசும் பென்சில்ல போட்டிருக்கேன், முதல் வரிசையில போர்வைதான்.