புதன்கிழமைத் தரிசனம்

இமயமே எழுந்து வந்து இந்த நாற்காலியில் அமர்ந்ததோ என்று எண்ண வைக்கும் அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் மீசை முறுக்கி வீற்றிருக்கும் பெரியோர்களே, மூக்குத்தி ஒளியால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வெட்கப்பட வைக்கும் தாய்மார்களே, பெரம்பலூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் வாலிபச் சிங்கங்களே, அடியேனின் அன்பு வணக்கம்.

யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகிறது. அச்சம் முடிந்ததா? எனக்கு முடியவில்லை.

யுத்த காலத்தில் இந்த அரியலூருக்கு குருநாதன் என்றொரு எம்.ஏ. வந்தார். ஜப்பான் ஒற்றர்களைப் பிடிக்க வெள்ளைக்காரக் கேப்டன் அனுப்பிய ஒற்றர். படிப்பென்றால் எப்பேர்ப்பட்ட படிப்பு? அவர் இங்கிலீஷில் தும்மினால் ஆகாய விமானம் ஒதுங்கி வழிவிடும். என் தங்கை ஜெகதாம்பாள் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தார். ரயிலில் போகும் பட்டாளத்தைக் கணக்கெடுத்தார். எடுத்த கணக்கைக் கேப்டனுக்கும் சொன்னார், கம்பியில்லாத் தந்தியில் ஜப்பானுக்கும் சொன்னார். ஒரே வாய், இரண்டு எஜமான்.

ஒருநாள் பட்டாளம் வீட்டை வளைத்தது. மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்குள் தந்திப்பெட்டி. "வீட்டுக்காரனுடையது" என்று கைகாட்டினார் எம்.ஏ. வீட்டுக்காரன் யார்? என் தங்கை கணவன் உத்திராபதி. எதிரிக்கு உளவு சொன்னவனுக்கு என்ன கிடைக்கும்? கயிறு. அவன் கழுத்துக்குக் கயிறு.

விசாரணை பங்களாவில் எங்கள் எல்லோரையும் நிறுத்திவைத்து, கேப்டன் குருநாதனிடம் கேட்டார்: "புதன்கிழமை பகலில் செய்தி போயிருக்கிறது. நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"சிறுவாச்சூர் காளி சந்நிதியில். கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன்" என்றார் குருநாதன்.

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோயில் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேப்டனின் செல்லப்பிள்ளையைப் பொய்யன் என்றால் அடுத்த கயிறு யாருக்கு? ஏட்டு கருப்பண்ணன் தன் பூட்ஸையே பார்த்தார். என் முழங்கால்கள் மோதிய சத்தத்தில், கூட்ஸ் வண்டி வருகிறதென்று ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள்.

தங்கை என் தோளைப் பிடித்தாள். "அண்ணே, நீ மேடையில மட்டுந்தான் பேசுவியா?"

அந்தச் சொல் சுட்டது. "தொரை, புதன்கெழம அங்க நடை தெறக்காதுங்க" என்றேன். பூட்ஸைப் பார்த்தபடியே கருப்பண்ணனும் முனகினார்: "ஆமாங்க தொரை. பூட்டுத்தாங்க தொங்கும்."

குருநாதன் திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு கேப்டனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் உத்திராபதியை விட்டார்கள். அவன் பின்னாலேயே குருநாதனும் வந்தார். கையில் விலங்கு இல்லை. கேப்டன் பக்கத்திலேயே ஜீப்பில் ஏறிப் போனார். என்ன பின்வரிசை, நம்பமுடியவில்லையா? கருப்பண்ணனைக் கேளுங்கள். அன்றிலிருந்து கேப்டன் சொல்லும் பொய்களை ஜப்பானுக்கு அனுப்புவதே குருநாதனின் உத்தியோகமாம். தூக்கிலிட முடியாத அளவுக்குப் படித்த கழுத்து.

பட்டம் பெற்ற பிள்ளைகளே, நாளை நாடு உங்கள் கையில். அறிவை விற்கக் கற்றவனுக்கு எஜமானை மாற்றுவது சட்டை மாற்றுவதுபோல. இரண்டு எஜமானர்களும் யுத்தத்தை முடித்துக்கொண்டார்கள். குருநாதனுக்கு இப்போது எஜமான் யார்? எந்த ஊரில், எந்தப் பெயரில், எந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கைதட்டுவதற்கு முன் பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சேர்த்தே, வணக்கம்.