என் பேரில் அவர்கள் அளித்த முப்பது பதில்கள்

என் பெயர் தேவதர்ஷினி. வயது 25. த/பெ காலஞ்சென்ற பொன்னுரங்கம். பீர்க்கன்கரணையில் அம்மா ஜெயக்கொடி, அண்ணன் விக்கி ஆகியோருடன் வசிக்கிறேன். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இன்று 14.8.2007 மாலை நான்கு மணிக்கு காவல் நிலையத்தில் விசாரித்தபோது தெரிவிப்பதாவது.

சென்ற மாதம் எனக்கு வந்த மூன்றாவது வரனையும் வேண்டாம் என்றேன். அதன்பிறகு வீட்டில் பேசினாலே சண்டை வந்ததால் பேசுவதை நிறுத்தினேன், சரியாகச் சாப்பிடவும் இல்லை. சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை செய்யும் அண்ணன் 22ஆம் தேதி ஞாயிறு மதியம் இன்டர்நெட்டில் மனநோய்க்கான முப்பது கேள்விகளைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, அம்மா பதில் சொன்னார், அண்ணன் டிக் செய்தார். நான் அதே கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என் படிவங்களை அண்ணன்தான் நிரப்புவார். கல்யாண வெப்சைட்டில் எனக்குச் சமையல் பிடிக்கும் என்று போட்டவரும் அவரே. அதனால் சும்மா இருந்துவிட்டேன். அது என் புத்திகெட்டதனம்.

"நல்லா தூங்கறாளா?"

"எங்க தூங்கறா, பொரண்டுகினே கீறா."

"காரணம் இல்லாம கோவம் வருதா?"

"ஆமா, ஒரு காரணமும் இல்ல."

வரன் பார்த்ததை அம்மா காரணமாகவே எண்ணவில்லை.

முடிவு 'தீவிரம்' என்று வந்தது. அதன்பிறகு அண்ணன் அந்த வெப்சைட்டின் டாக்டருக்கு மெயில் அனுப்பினார். வெளியே விட வேண்டாம், தனக்கு நோய் இல்லை என்று சொல்வதே இந்த நோயின் அடையாளம் என்று பதில் வந்தது. அவர் எந்த ஊர், டாக்டர்தானா என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. அதன்பிறகு 28ஆம் தேதி செல்போனை வாங்கிக்கொண்டு என்னைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று கத்தினேன்.

"இன்னாடா இது, அவர் எழுதனது அப்டியே கீது" என்று அம்மா அழுதார்.

கத்தாமல் இருந்து பார்த்தேன். அதற்கும் அந்த முப்பதில் ஒரு கேள்வி இருந்ததாம். சொன்னாலும் நோய், சொல்லாவிட்டாலும் நோய் என்று பதினேழு நாள் கிடந்தேன். தினமும் அம்மா எனக்குப் பிடித்த காரக்குழம்பு வைத்துக் கையால் ஊட்டினார். அவர்மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. அதுதான் கொடுமை.

நேற்று சக ஆசிரியர் ஏசுபாதம் விடைத்தாள் வாங்க வந்தார். நான் ஊருக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னது காதில் விழுந்து ஜன்னலைத் தட்டினேன். அதன்பிறகு அவர் புகார் கொடுக்க, போலீசார் வந்து கதவைத் திறந்தனர். இன்று காலை அரசு மருத்துவமனை டாக்டர் ஒரு மணி நேரம் என்னிடமே கேட்டார். நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இன்னும் மூன்று முறையாவது பார்க்க வேண்டும் என்றார். "இவருக்கே தெரியல பாருங்க" என்றார் அண்ணன்.

அம்மா சாப்பாட்டுத் தூக்குடன் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவருடன் போக எனக்கு விருப்பமில்லை. வேறு எங்கே போவதென்றும் தெரியவில்லை.

மேலே சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன், அனைத்தும் உண்மை. தெளிந்த மனநிலையில் சொன்னேன் என்று வழக்கமாகச் சேர்க்கும் வரியை, டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னதால், அந்த வரி இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பொ. தேவதர்ஷினி