ஜன்னல் பக்கத்துக் கிளை

— ஏணியை முதல்ல மரத்துல இருந்து எடுங்க தம்பி. மத்ததை அப்புறம் பேசலாம்.

— அது வந்துக்கா, கூப்பிட்டதாலதானே வந்தேன். சும்மா ரம்பத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்குற ஆளா நான்?

— யாரு கூப்பிட்டது?

— இந்த வீட்டு ஐயாதான். நேத்து போன்ல.

— நல்லா இருக்கே கதை! எங்க வீட்டுக்காரரு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து கிடக்கிறவரு. தண்ணி வேணும்னு சொல்றதுக்கே தவியாத் தவிப்பாரு. அவரு உங்களுக்கு போன் போட்டு மரம் வெட்ட வான்னாரா?

— ஓ, அப்படியா? நான் குடிச்சிட்டுப் பேசுறாருன்னு நெனச்சேன்கா. பாதி புரியல. 'மரம்'ங்கிறாரு, 'வெட்டு'ங்கிறாரு. எந்த வீடு ஐயான்னு கேட்டா, 'போர்டு, எதிர்'. அவ்வளவுதான். என் நம்பர் எழுதின போர்டு அதோ அந்தக் கம்பத்துல தொங்குது பாருங்க. அதுக்கு எதிர்ல மரம் இருக்கிற வீடு இது ஒண்ணுதான்.

— எனக்குத் தெரியும், இது எதிர் வீட்டு ஆளோட வேலை. அவருக்குக் கார் நிறுத்த எங்க மரத்து நிழல் வேணும். ஆனா கார் மேல ஒரு இலை விழக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. குரலை மாத்திப் பேசியிருப்பாரு.

— இருக்கும், இருக்கும். ஆனாலும் மரம் ஓங்கித்தான் வளர்ந்திருக்கு. ஜன்னலையே அடைச்சிருச்சே?

— அடைக்கட்டும். அதுக்காகத்தானே கட்டிலை அங்க போட்டிருக்கேன். உள்ள தூங்குறாரு, மெதுவாப் பேசுங்க. அந்தப் படியில உக்காருங்க, சொல்றேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் அவரைப் பின் ரூம்லதான் படுக்க வச்சேன், பாத்ரூம் பக்கமாச்சேன்னு. அங்க ஜன்னலைத் தொறந்தா பக்கத்துக் குடோன் சுவர்தான். மனுஷன் அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தவர்தான். ஊட்டினா துப்புவாரு. மாத்திரை போட்டாலும் தூக்கமில்ல. பிரஷர் இறங்குவேனாங்குது. டாக்டரும் மருந்தை மாத்தி மாத்திப் பாத்து அலுத்துட்டாரு.

— பாவமே. ஐயா என்ன வேலை பாத்தாரு?

— பஸ் ஓட்டினாரு. ஆயுசு பூரா முன் கண்ணாடி வழியா ஊரைப் பாத்த மனுஷனுக்கு நான் சுவரைக் காட்டியிருக்கேன். எனக்கு அது உறைக்கவே இல்ல பாருங்க. அப்புறம் பின் ரூம்ல குழாய் வெடிச்சுத் தரையெல்லாம் தண்ணி. வேற வழியில்லாம முன் ரூமுக்குத் தூக்கிட்டு வந்தோம். என் தையல் மிஷினை நடையில தள்ளிட்டு, அவரு கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த வாரமே தலையணையை உசத்தி வைன்னு கையைக் காட்டுறாரு. எதுக்குன்னு பாத்தா, கிளையில குருவி கூடு கட்டுது. துரைக்கு அதை வேடிக்கை பாக்கணுமாம்!

— குருவி எங்க வேணாலும்தான் கட்டுது.

— முழுசாக் கேளுங்க. வெயில் உள்ள வரல, ரூமே குளுகுளுன்னு ஆயிடுச்சு. ராத்திரி தானாத் தூங்குறாரு. சோறு இறங்குது. பிரஷர் இறங்கி, தூக்க மாத்திரையை டாக்டரே நிறுத்திட்டாரு. 'என்னம்மா பண்ணினீங்க?'ன்னு என்னையே கேக்குறாரு. நான் என்ன பண்ணினேன், கட்டிலை இழுத்தேன்! இப்ப என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வராரு. அன்னைக்கு இடது கையால மரத்தைத் தொட்டுட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாரு. இந்த மரத்தையா வெட்ட வந்தீங்க?

— நீங்க சொல்றது சரிதான்கா. நானே நாள் முழுக்க மரம் வெட்டிட்டு, மத்தியானம் சாஞ்சு படுக்க மரத்தடி தேடுறவன்தான். இந்தா, ஏணியை இறக்கிட்டேன், போதுமா? என்னக்கா, பேசும்போதே இப்படி மூச்சு இழுக்குது?

— ஒண்ணுமில்ல. துணித் தூசி. தையக்காரிக்கு இருமல் கூடப் பொறந்தது.

— துணித் தூசிக்கு வாசல்ல வந்து நின்னாலுமா துண்டால மூக்கைக் கட்டுவாங்க? அந்தத் துண்டே மஞ்சளா இருக்கு. மரம் பூத்து நிக்குது. இந்தப் பூவோட பொடி சில பேருக்கு ஆகாதுக்கா. என் மச்சான் இதனாலதான் எங்க தொழிலையே விட்டான்.

— மெதுவா, மெதுவா. ஜன்னல் தொறந்திருக்கு.

— ஐயாவுக்குத் தெரியாதா?

— தெரியக் கூடாது. ஒண்ணு மரம் போகணும், இல்ல பூ உதிர்ற வரைக்கும் நீங்க வேற இடத்துக்குப் போகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போனா இவரை யாரு தூக்கி உக்கார வைப்பா? மரம் போனா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. அதைப் பாக்க என்னால ஆகாது. அதுக்கு நான் கொஞ்சம் இருமிட்டுப் போறேன்.

— கொஞ்சமா இது? தூங்குறீங்களா இல்லையா?

— சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, உக்காந்தபடியே கண்ணை மூடுவேன். ரொம்ப இழுத்தா நூல் டப்பாக்குள்ள இன்ஹேலர் இருக்கு. மிஷின் பக்கம் அவரு வர மாட்டாரு.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க.

— மறைச்சு இவ்வளவு நாள் ஓட்டியாச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட மாட்டேனா?

— அது வந்துக்கா, ஒரு வழி இருக்கு. மரத்தை விட்டுடலாம். பூ இருக்கிற நுனியை மட்டும் கழிச்சு எடுத்துடுறேன். பொடி நல்லாக் குறையும். அடுத்த தடவை மொட்டு விடும்போதே வந்து கழிச்சா, உங்களுக்கு இவ்வளவு தொந்தரவு வராது. இலை எப்பவும்போல துளுத்துக்கும்.

— வேணாம் தம்பி. ரம்பச் சத்தம் கேட்டாலே அவருக்கு மனசு விட்டுப் போயிடும். பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருவா. பால், பழம், பேனான்னு படம் காட்டுவா. இவரு வாயைத் தொறக்கவே மாட்டாரு. ஆனா ஒருநாள் நான் கடைக்குக் கிளம்பிட்டு, பையை மறந்து திரும்பி வரேன், உள்ள ஜன்னலைப் பாத்து உக்காந்து தனியாப் பேசிப் பழகிட்டிருக்காரு. 'மரம்... மூச்சு... மரம்... மூச்சு...' நடையிலேயே நின்னு அழுதேன். மரந்தான் என் மூச்சுன்னு சொல்றாரு பாருங்க! அன்னைல இருந்து நான் கிளம்புறப்பல்லாம் அதுதான் பேச்சு. அதைக் கேட்ட பிறகும் இதுல ஒரு இலையைத் தொட விடுவேனா?

— அக்கா...

— என்ன?

— போன்லயும் 'மூச்சு'ன்னு என்னவோ சொன்னாரு. எனக்குத்தான் புரியல.

— போன்லயா? அப்ப நெசமாவே... இருங்க. ஏங்க! முழிச்சிட்டீங்களா? இந்தத் தம்பிக்கு நீங்களா போன் பண்ணினீங்க?

— ம்.

— எதுக்குங்க? இப்படித் திரும்பிச் சொல்லுங்க. அவசரமில்ல, மெதுவா.

— மரம்...

— பாத்தீங்களா தம்பி? இதைத்தான் சொன்னேன்.

— மரம்... அவளுக்கு... மூச்சு... முடியல. வெட்டு.

— இதையா? இதைச் சொல்லவா தனியா உக்காந்து பழகினீங்க?

— ம். இருமல்... கேக்குது. ராத்திரி... ராத்திரி.

— அது துணித் தூசிங்க. உங்களுக்கு யாரு என்ன சொன்னா?

— துண்டு... மஞ்சள். நூல்... டப்பா.

— நடையில இருக்கு மிஷின்! அங்க எப்படிப் போனீங்க? யாரு பிடிச்சுக்கிட்டா?

— சுவர்... பிடிச்சு... நடந்தேன்.

— தனியாவா! விழுந்திருந்தா என்ன ஆகிறது?

— விழல. வெட்டு.

— வெட்டிட்டா அப்புறம் காலையில எதைப் பாப்பீங்க?

— உன்னை.

— அக்கா, ஏணியை வண்டியில ஏத்தவா, வேணாமா? அக்கா! மறுபடியும் இழுக்குதா? அந்த டப்பாவை எடுத்துட்டு வரவா?

— இது அது இல்ல தம்பி. பூவை மட்டும் கழிங்க, கூட்டைத் தொடாதீங்க. ஏணியைச் சாத்துங்க.