பக்கத்து வீட்டு ஆட்சேபம்

மரத்தளத்துக்கு எண்ணெய் பூசுவதென்றால் மே மாதம்தான் தோது. மழை ஓய்ந்திருக்கும், பலகையும் நன்றாகக் காய்ந்திருக்கும். என் கணவர் ட்ரெவர் போன மே மாதம் பூசி முடித்தார். எட்டு வாரம், சனி ஞாயிறு பார்க்காமல், பின்தோட்டத்தில் அதைத் தன் கையாலேயே போட்டார். அவர் வெளியே இருந்தார், நான் உள்ளே இருந்தேன். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டார். முட்டை கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்ட ஒரு காலையில், என் கையை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை, மேடம். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்கு மேல் போனால் தளத்துக்கு நகராட்சிக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். எங்கள் தோட்டம் சரிவு. அந்தக் கோடியில் தளம் எழுபது இருந்தது. கட்டு போட்ட கையோடு நூலகத்துக்குப் போய், அங்கிருந்த கணினியில் புகார் படிவத்தை நிரப்பினேன். புகார் கொடுத்தவர் பெயரை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். பிரித்துவிட்டு மறுபடி தாழ்வாகப் போடச் சொல்வார்கள், இன்னும் ஒரு எட்டு வாரம் கிடைக்கும். அவ்வளவுதான் நினைத்தேன்.

கடிதம் வந்தது. ட்ரெவர் இரண்டு தடவை படித்தார்.

"எவன்டி இது? பக்கத்து வீட்டுக் கிழவனா?"

"தெரியலைங்க. போன வாரம் வேலியோரம் அளவு நாடாவோட நின்னுட்டிருந்தார்."

அது பொய்யில்லை. சிரில் ஹாய்ல் தன் அவரைக்கொடிக்குக் குச்சி நட அளந்துகொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி மேவிஸ் இறந்தபின் தனியாக இருந்தார். நாங்கள் ஊரில் இல்லாவிட்டால் எங்கள் குப்பைத்தொட்டியை அவர்தான் உள்ளே இழுத்து வைப்பார்.

அன்றிலிருந்து ட்ரெவரின் கோபம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. சிரிலின் தொட்டியைக் கவிழ்த்தார். கொடிகளை வேரோடு பிடுங்கினார். சாயங்காலமெல்லாம் ரேடியோவை அலறவிட்டார். வீட்டுக்குள் ஒரு கதவுகூட ஓங்கிச் சாத்தப்படவில்லை. ஒருநாள், "டீ நல்லா இருக்கு" என்றார். அதைக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பிறகு, போட்ட தளத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க மூன்று வாரம். ஆட்சேபத்தில் எழுதியவர் பெயர் இருக்கும், யாரும் இணையத்தில் படிக்கலாம். சிரில் எதுவும் எழுதவில்லை. பதினெட்டாம் நாள் ட்ரெவர், "கிழவன் இல்லையோ என்னவோ" என்றார். சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கில் உப்பு குறைவு என்று தட்டை நகர்த்தினார்.

மறுநாள் காலை நூலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். சிரில் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, அதிலிருந்து ஆட்சேபம் அனுப்பினேன். 'அந்தத் தளத்தில் நின்றால் என் படுக்கையறை தெரிகிறது. என் மனைவி கடைசியாகப் படுத்திருந்த அறை. அங்கே நான் அழுவதை அந்த மனிதர் பார்த்துச் சிரிக்கிறார்.' நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ட்ரெவர் அதை அச்செடுத்து, சாப்பிடும்போதெல்லாம் வாய்விட்டுப் படித்தார். ஒரு பிரதியைச் சிரிலின் கதவில் ஒட்டினார்.

ட்ரெவர் வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை சிரில் வந்தார். கையில் அந்தத் தாள்.

"லோர்னாம்மா, சத்தியமா இதை நான் எழுதலை. எனக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. மேவிஸைப் பத்தி யாரு இப்படி எழுதுவாங்க? அவர்கிட்ட நீ கொஞ்சம் சொல்லேன்."

"நான் சொல்லிடறேன். நீங்க கவலைப்படாம போங்க."

"நீ சொன்னா கேப்பாரு" என்றார். என் கையிலிருந்த தழும்பை அவர் பார்த்ததாக நினைக்கிறேன். எதுவும் கேட்கவில்லை.

நான் சொல்லவில்லை.

அண்டை வீட்டாரின் அந்தரங்கம் கெடுகிறது என்று அக்டோபரில் கவுன்சில் அனுமதி மறுத்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் ட்ரெவர் தளத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். சிரில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பழைய தோல் கையுறை. தளத்தின் மேலேறி, "பலகை தூக்க ஒரு கை கொடுக்கட்டுமா, தம்பி?" என்றார்.

"யோவ், பண்றதையும் பண்ணிட்டு உதவி வேறயா?"

"நான் பண்ணலைய்யா. லோர்னாகிட்ட அப்பவே சொன்னேனே. கேட்டுப் பாரு."

ட்ரெவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஐந்து மாதமாக அது என்மேல் விழவில்லை.

"எங்கிட்ட இவர் எதுவும் சொல்லலையே" என்றேன்.

சிரில் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வழி தப்பியவர் போலப் பார்த்தார். ட்ரெவர் தள்ளினார், ஒரே ஒரு தடவை. எழுபது சென்டிமீட்டர் பெரிய உயரமில்லை. கீழே பாத்திக்கு வைத்த கல்லில் தலை பட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார் ட்ரெவர். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதலில் கேட்டேன். நான் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, நிதானமாகத்தான் போன் செய்தேன்.

அப்பாவிடம் கணினியே கிடையாது என்று சிரிலின் மகள் கெயில் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள். வந்ததில் எனக்கு வருத்தமில்லை. சிரிலைக் கொன்றதற்காக ட்ரெவர் சிறையில் இருக்கிறார். வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போல மெதுவாகவே நடக்கிறேன். அது இனி மாறாது.

புகார் நான் கொடுத்தது. ஆட்சேபம் நான் எழுதியது. அந்தப் பொய்யும் நான் சொன்னதுதான். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். சிரில் மிகவும் நல்ல மனிதர். என் நிலைமையைச் சொல்லிக் கேட்டிருந்தால், அந்தப் பழியை ஏற்க அவரே மனசார ஒத்துக்கொண்டிருப்பார். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.