கூலிக்கு மேல குடுத்த சந்தோசம்

வாயத் தெறக்காத லதுஷா, உதட்டுச் சாயம் இன்னும் காயல. ஆமான்னா கண்ணச் சிமிட்டு. நான் பேசுறேன், நீ கேட்டுக்கிட்டே இரு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், கூலிக்கு மேல சந்தோசமா குடுக்குற காசு. அதுதாம்மா கல்யாண வீட்டுல பெரிய தலவலி. யாருக்குக் குடுக்குறது, எப்பக் குடுக்குறதுன்னு ஒருத்தருக்கும் வெளங்காது. பதுளையில இருந்து பொண்ணு சோடிக்க நான் போகாத தேயிலத் தோட்டமில்ல. எத்தன கூத்து பாத்திருக்கேன்!

பூனாகலையில ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா கணபதி கங்காணி, தாராளமான மனுசன். விடிஞ்சதும் சட்டப்பை நெறைய கவரு. மேளக்காரங்களுக்கு மொதல்லயே குடுத்துட்டாரு. அவங்களுக்கு வந்துச்சு பாரு ஒரு வேகம்! ஐயரு சொல்ற மந்திரம் யாருக்குக் கேக்குது? மாப்பிள்ள தாலியக் கையில வச்சுக்கிட்டு, இப்பக் கட்டவா, இப்பக் கட்டவான்னு எல்லார் மொகத்தயும் பாக்குறான். கடைசியில பொண்ணுதான் அவன் தொடையில கிள்ளுனா.

சிரிக்காதடி, பொட்டு கோணிப் போகும்!

இன்னும் கேளு. வெள்ளச் சட்ட போட்டவருதான் சமையல்காரருன்னு யாரோ கங்காணிகிட்ட சொல்லியிருக்காங்க. இவரு நேரா பந்திக்குப் போயி, சாப்புட்டுக்கிட்டிருந்த இரகுநாதன் மாஸ்டர் கையில கவர வச்சு, சாம்பாரு பிரமாதம்ப்பா, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலுன்னாரு. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரரு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த பெரிய வாத்தியாரு. பாவம், மறுக்கவும் முடியல. கையக் கழுவிட்டு நேரா அடுப்படிக்குப் போயி, சமையல்காரருகிட்ட கவர நீட்டி, கங்காணியார் தந்தவர், உப்புக் கொஞ்சம் கூடவாம்னு அப்படியே ஒப்பிச்சுட்டாரு. சமையல்காரருக்கு வந்துச்சு கோவம்! கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு, பாயாசம் எறக்க மாட்டேன்னுட்டாரு. சமாதானத்துக்கு இன்னொரு கவரு. அதயும் கணபதி யாருகிட்டக் குடுத்து விட்டாருங்குற? மாஸ்டருகிட்டத்தான்! இந்த ரெண்டாவது கவரோட என்ன சொல்லி அனுப்புனாருன்னு...

ஏம்மா, ஏன் கண்ணு கலங்குது? மேல பாரு, மேல பாரு. மை கரைஞ்சுரும். வாசப்பக்கம் பாக்காத. குவைத்துல இருந்து மடுல்சீமைக்கு பஸ்ஸு ஓடாது புள்ள. அம்மா வந்தா பறந்துதான் வரணும், அவங்க வேல செய்ற வீட்டுக்காரங்க லீவு குடுக்கலன்னு ஒனக்கும் தெரியும்ல?

இரு, தொடச்சு விடுறேன். ம். இப்ப சரி.

இவ ஏன் இப்பிடி வாயடிக்கிறான்னுதான பாக்குற? நான் வேல செய்றப்ப பேசவே மாட்டேன்மா. வாயில ஊசியக் கவ்விக்கிட்டு ஊமை மாதிரி இருப்பேன். எந்தப் பொண்ணக் கேட்டாலும் சொல்லும்.

கூலி ஒங்கப்பா குடுத்துட்டாரு. சந்தோசக் காசு போன மாசமே ஒங்கம்மா அனுப்பிட்டாங்க. டெலிபோன் கோல் எடுத்து, மொதல்ல கொஞ்ச நேரம் அழுதாங்க. பொறகு சொன்னாங்க, அக்கா, நான் இருந்தா ஏதாச்சும் பேசிப் பேசியே அவளச் சிரிக்க வச்சிருப்பேன், எனக்குப் பதிலா நீங்க பேசுங்க, மணவறையில ஏறுற வரைக்கும் அழ விட்டுறாதீங்கன்னு.

மேளம் தொடங்கிருச்சு. எந்திரி, சேலைய நான் புடிச்சுக்கிறேன். வீடியோக்காரத் தம்பிகிட்ட ஒன் மொகத்தக் கிட்டத்துல எடுக்கச் சொல்லியிருக்கேன். அங்க ஒங்கம்மா அந்த வீடியோக் கெசட்டப் போட்டுப் பாக்குறப்ப, நீ சிரிச்சுக்கிட்டு இருக்கணும்ல?