உரிக்கத் தெரிந்த பெண்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இறால் வாடையோடு ஒரு தாயும், கழுத்தில் கல்லூரி அட்டை மாட்டிய மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நாளைக்கு எறாவ ஒழுங்கா உரிக்காத, பிச்சிப் பிச்சி உரிடி,” என்றாள் தாய்.

“இன்னாம்மா சொல்ற?”

“பாதி நாள் படிப்பு, பாதி நாள் எறா கம்பெனில வேல, கடைசில டிகிரின்னுதானே சேத்தேன்? கூடப் படிக்கிற டவுன் பொண்ணுங்க லேப்ல மிஷின் கத்துக்கினு கீதுங்க. நீ வூட்ல உரிக்கிற மாதிரி சரசரன்னு உரிச்சிக் காட்டிட்ட. உன்ன உரிக்கவே குந்த வச்சிட்டான் அந்த சூப்பர்வைசரு.”

“நேத்தே பிச்சிப் பிச்சிதாம்மா உரிச்சேன். ‘இதுவே வரல, உனக்கு லேப் எதுக்கு? ட்ரெயினிங் முடியிற வரைக்கும் இங்கயே உரி’ன்றாரு சூப்பர்வைசர்.”

தாய் மகளின் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அதுக்கு என்கூடயே உரிக்கிற ஷெட்டுக்கு வந்திருக்கலாமேடி. கூலியாவது குடுத்திருப்பான்.”